டிராஃபிக் லைட்டில் காமினி

"ஹலோ... ஹலோ, டியூஷன் செண்டரா? கோகுலன் சார் இருக்காரா? ... ஓ, நீங்கதானா. நல்லதாப் போச்சு. நான் மோகனா, காமினியோட அம்மா. ... ஆமா, ஆமா, எஸ்பிஎம் பரீட்சையில எட்டு ஏ எடுத்த காமினிதான். வாழ்த்தெல்லாம் அப்புறம் வச்சுக்குங்க சார்."

பாயான் பாரு ஃபேக்டரி கேன்டீனுக்குப் பின்னால், ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றாள் மோகனா. காலையில் ஃபேக்டரி பஸ் டத்தோ கெராமட் ரோட்டு டிராஃபிக் லைட்டில் நின்றபோது, சன்னலுக்கு நேரே டியூஷன் செண்டர் பேனர் ஒன்றில் அவள் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதே அதிலிருந்த நம்பரைக் குறித்துக்கொண்டாள். ஓய்வு பதினைந்து நிமிடம்தான். அதற்குள் இந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும்.

"எங்கள் மாணவியின் மாபெரும் வெற்றின்னு போட்டிருக்கீங்களே, யாரு உங்க மாணவி? ... எத்தனை மாசம் படிச்சா அங்க? ... நாலு மாசம்! எஸ்பிஎம்முக்கு முந்தின வருஷம், ஃபார்ம் ஃபோர்ல, நாலே நாலு மாசம்! அப்புறம் நீங்கதானே என்னைக் கூப்பிட்டு, இவ தேற மாட்டா, வேற இடம் பாத்துக்குங்கன்னு அனுப்புனீங்க? ... ஆமா லா! வீக்கான பிள்ளைங்கள சோதனைக்கு முன்னாடியே கழிச்சு விட்டுட்டு, நூத்துக்கு நூறு பாஸ்னு போர்டு மாட்டுறது! இதுக்குப் பேரு ஜெயிக்க வைக்கிறதா சார்? ... நடுவுல பேசாதீங்க! லைப்ரரியில உக்காந்து, போன்ல வீடியோ பாத்து, அவளாவே முட்டி மோதிப் படிச்சா. நீங்க நோகாம பேரு வாங்குறீங்க!"

சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நகர்ந்து போனார்கள்.

"சாயங்காலம் எங்க பஸ் திரும்புறதுக்குள்ள கழட்டிடணும். இல்லேன்னா போலீஸ் ரிப்போர்ட் போடுவேன். எம்புள்ள போட்டோவ எங்கேருந்து எடுத்தீங்க? ... யாரு குடுத்தா? ... சும்மா கதை விடாதீங்க. ... காமினியா? அவளே வந்தாளா? ... எப்ப? ... சனிக்கிழமை. ம். ... அந்த டிராஃபிக் லைட்லதான் மாட்டணும்னு அவளா கேட்டா? ஏனாம்? ... எங்க பஸ் நிக்கிற இடம்னா... யாரு பாக்கணுமாம்?"

"... நானா? நான் என்ன சொன்னேன்? ... எப்ப? ... உங்க ஆபிஸ்லயா?"

மோகனா காதைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள். அன்று அந்த ஆபிஸில் அவர் சொன்னது அட் மேத்ஸ் என்கிற கூடுதல் கணிதம் ஒன்றைப் பற்றித்தான். அவர் எதிரிலேயே மகள் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டியா? நீ எதுலயும் தேற மாட்ட. பேசாம எஸ்பிஎம் முடிச்சுட்டு என்கூட ஃபேக்டரி பஸ்ல ஏறிடு" என்றது அவளேதான். காமினி பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ரிசல்ட் வந்த அன்று பிளாட் முழுக்கக் கேசரி கொடுத்தாள் மோகனா. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை. இப்போது வெட்கமாக இருந்தது. பெற்றவள் சொல்கிற பேச்சா அது?

"ஹலோ... இருக்கேன், இருக்கேன். ... அழுவல சார், இங்க தூசி. ... வேணாம், வேணாம்! கழட்டாதீங்க! எத்தனை நாளைக்குப் பெர்மிட் எடுத்திருக்கீங்க? ... ஒரு மாசமா. சரி, இருக்கட்டும். தினமும் நான் பாத்துக்கிட்டுப் போறேன்."

உள்ளே மணி அடித்தது. கண்ணைத் துடைத்தாள். கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

"ஆனா உங்க செண்டர் பேரு மேல தாள் ஒட்டுங்க. ... அதெல்லாம் முடியும்! ... நான் சொன்னதுக்கு எம்புள்ளகிட்ட நான் பதில் சொல்லிக்குறேன். அத வச்சு நீங்க தப்பிக்காதீங்க. தேறாதுன்னு நீங்களும் சொன்னீங்க, நானும் சொன்னேன். அவ ஜெயிச்சதுல நம்ம ரெண்டு பேருக்கும் பங்கு கிடையாது சார். இன்னைக்கே ஒட்டுங்க!"

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள்.