டாக்டர் லூர்தம்மாள் அளந்த கண்கள்

தலைமை வகிக்கும் டாக்டர் நஞ்சப்பன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை நிர்வாகத்தாரே, இண்டூரிலிருந்தும் பொம்மிடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம். நான் நர்ஸ் வஹிதா. டாக்டர் லூர்தம்மாளிடம் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள்.

டாக்டரம்மா மறைந்து இன்றோடு ஒன்பது நாள். அழுது பேசுவேன் என்று என்னை அழைத்திருப்பீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்து மூன்றில் இண்டூர் செல்லிக்குக் குழந்தை பிறந்தது. ஒரு கண் மட்டும் வளரவே இல்லை. "மாசாமாசம் உங்ககிட்டதானுங்க வந்தேன்? முன்னாடியே தெரியலைங்களா?" என்று செல்லி கேட்டாள். அந்தக் கேள்வியை டாக்டரம்மா மறக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு ஸ்கேன் இயந்திரம் வந்தது. திரையில் சாம்பல் நிறப் புகை. அதற்குள் சிறு கறுப்பு வட்டம். அதுதான் வயிற்றுப் பிள்ளையின் கண்! அதை அளக்கலாம். ஆனால் எத்தனையாவது வாரத்தில் எவ்வளவு இருக்க வேண்டும்? அது தெரியாமல் சிறியது என்று எப்படிச் சொல்வது? "மொதல்ல கோளாறு இல்லாத பிள்ளைங்கள அளப்போம் வஹிதா" என்றார்.

மூன்று ஆண்டுகள்! முந்நூற்றுப் பன்னிரண்டு தாய்மார்கள்! அவர் மில்லிமீட்டர் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். ஐந்தாம் மாதத்தில் பத்து, பதினொன்று. பிரசவம் நெருங்கும்போது பதினாறு, பதினேழு.

பச்சியப்பன் என்று ஒருவர் மனைவியோடு வந்தார். "பையனா பொண்ணாங்க? அத மட்டும் சொல்லிடுங்க" என்றார். "கண்ணு நல்லா வளருதுங்க. நான் பாக்கறது அதுதான்" என்றார் டாக்டரம்மா. அவர் மறுபடியும் கேட்டார். டாக்டரம்மா இயந்திரத்தையே நிறுத்திவிட்டார். அப்படிப்பட்ட மனுஷி!

அவருக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் பட்டணத்தில் இருக்கிறார். "நோட்டுகளை அனுப்பு, திருத்தித் தருகிறேன்" என்று எழுதினார். பொம்மிடியில் ரயிலேறி, எட்டு நோட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு போய், அவர் கையில் கொடுத்தவள் நான்தான். ஆம், இந்தக் கைதான்!

ஏழு மாதம் ஒரு வரி இல்லை. பிறகு மருத்துவ இதழ் ஒன்று தபாலில் வந்தது. எங்கள் தாய்மார்கள், எங்கள் அளவுகள், எங்கள் அட்டவணை. மேலே பேராசிரியரின் பெயர். லூர்தம்மாள் என்ற பெயர் எங்கே? கடைசிப் பக்கத்தில் நன்றி சொன்ன இடத்தில்கூட இல்லை!

டாக்டரம்மா இதழை மூடினார். "அவருகிட்டதான் ஸ்கேன் பாக்கவே கத்துக்கிட்டேன்" என்றார். நான்தான் நிர்வாகத்திடம் ஓடினேன். "பெரிய எடம்மா, பகைச்சிக்க வேணாம்" என்றார்கள். சொன்னவர் இந்த மேடையில்தான் இருக்கிறார். துரோகம் பட்டணத்தில் மட்டுமா நடந்தது?

வயிற்றுக் கட்டியோடு படுத்திருந்த கடைசி வாரத்தில் டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நோட்டு திரும்பி வந்துச்சா?" இல்லைங்கம்மா என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இதோ, அந்தப் பேராசிரியரின் இரங்கல் தந்தி. 'என் அருமை மாணவி' என்று தொடங்குகிறது. இதை நான் வாசிக்க வேண்டுமாம். வாசிக்க மாட்டேன்! தலைவர் அவர்களே, கை காட்ட வேண்டாம். முடித்துவிடுகிறேன்.

தாய்மார்களே, நோட்டுகள் போய்விட்டன. ஆனால் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் உங்கள் சீட்டில் தேதியும் கண்ணளவும் எழுதிக் கையெழுத்துப் போட்டாரே, நினைவிருக்கிறதா? அந்தச் சீட்டுகளைத் தேடி எடுத்து வாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாக எழுதி, லூர்தம்மாள் பெயரைப் போட்டு, அதே இதழுக்கு அனுப்புவேன். இது நான் உங்கள் முன் செய்யும் சத்தியம். என் வேலை போனாலும் சரி!

இன்று காலை அரூரிலிருந்து ஜான் பீ என்ற தாய் வந்தார். ரேஷன் கார்டுக்குள் பத்திரமாக வைத்திருந்த சீட்டைக் கொடுத்தார். இருபத்தோராம் வாரம், பதினொரு மில்லிமீட்டர். கீழே டாக்டரம்மாவின் கையெழுத்து. மை கொஞ்சமும் மங்கவில்லை. நாளைக் காலையிலிருந்து ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருப்பேன். வாருங்கள்.