மணியின் நாக்குக்கு ஒரு குல்லா

சித்திரை வெயிலில் செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு கம்பளி நூலில் பின்னுகிறவளுக்குப் புத்தி கொஞ்சம் குறைவு என்று நீங்கள் நினைத்தால், இன்ஸ்பெக்டரம்மா, நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. மூன்று பக்கமும் பாறை. அந்தச் சூடு இறங்குவதற்குள் மறுநாள் வெயில் வந்துவிடும். இங்கே ஸ்வெட்டர் போட ஆள் ஏது? அதனால்தான் மனிதர்களுக்குப் பின்னுவதை விட்டுவிட்டுப் பொருள்களுக்குப் பின்ன ஆரம்பித்தேன். பொருள்களுக்கு வியர்ப்பதில்லை. குறை சொல்லவும் தெரியாது.

கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை. தண்ணீர் கேனுக்கு முயல் காது வைத்த தொப்பி. பக்கத்து வீட்டு ஷோபனாவின் ஸ்கூட்டர் கண்ணாடி இரண்டுக்கும் கிளி மூக்கு. உபயோகமாகவும் இருக்க வேண்டும், பார்த்தால் சிரிப்பும் வர வேண்டும். என் பின்னலுக்கு அவ்வளவுதான் சட்டம். கம்பளி என்று பெயரே தவிர எல்லாம் மில் நூல்; எந்த ஆட்டுக்கும் வலித்திருக்காது. எறும்பைப் பார்த்துக் கால் வைக்கிற குடும்பம் எங்களுடையது.

ஒருமுறை நான் பின்னிய சிவப்புக் குல்லாவைக் கோட்டைக் குரங்கு ஒன்று கொடியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. ராஜகிரி மலைப் படிக்கட்டில் அது குல்லாவோடு உட்கார்ந்திருக்க, சுற்றுலா வந்தவர்கள் வரிசையில் நின்று போட்டோ எடுத்தார்களாம். ஷோபனாவிடமிருந்து கிளி மூக்குகள்கூடத் திரும்பி வந்துவிட்டன; அதுவரை என் கைவேலையில் உருப்படியாகத் தப்பித்தது அந்தக் குல்லா ஒன்றுதான். யாரிடமிருந்து தப்பித்தது என்று கேட்கிறீர்கள். என் கணவரிடமிருந்து.

வாசுபூஜ்யன் தங்கமான மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது. கை நீட்டியது கிடையாது. நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. அவர் தண்ணீரையும் சேர்த்து விட்டவர். எனக்கு டைபாய்டு வந்த வருடம், விளக்கு வைத்தபின் நான் தண்ணீர் கேட்டேன். "நியமம்னா நியமந்தான், மருதேவி. வெடிஞ்சதும் குடி" என்று கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். எத்தனை பேருக்கு அப்படிப் பக்கத்தில் உட்காருகிற புருஷன் வாய்க்கும்?

அவருக்கு ஒரே ஒரு ஆசை. நான் எதையாவது பின்னி முடித்தால் அதை அவிழ்க்க வேண்டும்.

"முடிஞ்சிடுச்சா?" என்பார்.

"முடிஞ்சிடுச்சுங்க."

"நல்லாத்தான் இருக்குது. அவுத்துடு. அதே நூல்ல வேற இன்னாவாது பின்னு. கடையில போயி புது நூலுக்கு நிக்க வாணாம் பாரு."

நூலின் முனையை அவரே தேடி எடுப்பார். நான் எதிரில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் இழுக்க இழுக்க, நூல் என் கையில் வந்து சுற்றிக்கொள்ளும். ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்கள், "இன்னா பொருத்தம் பாரு, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து நூல் சுத்துறாங்க" என்று போவார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் மகன் பத்மகுமார் பிறந்தபோது அவனுக்குப் பின்னிய மஞ்சள் சட்டை, அவன் தவழ்வதற்குள் ரேடியோ உறை ஆயிற்று. ரேடியோ உறை ஜன்னல் திரை ஆயிற்று. திரை மிக்ஸி உறையாகி, மிக்ஸி உறை கால் மிதியடியாகி, மிதியடி மறுபடி உருண்டை நூலாகி என் மடிக்கே வந்தது. உயிருக்குத்தான் பல பிறவி என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நூலுக்கும் உண்டு. நாற்பத்து மூன்று வருடம்.

தை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் தப்பித்தது. நான் அழுதேன். ஷோபனாவைக் கேளுங்கள், அவள்தான் பிடித்துக்கொண்டாள். அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் எனக்குத் தோன்றியது: இனிமேல் ஒன்றைத் தொடங்கினால் முடிக்கலாம்.

அன்றைக்கே போர்வையைத் தொடங்கிவிட்டேன் என்று என் நாத்தனார் சொல்கிறாளாம். பொய். மறுநாள்தான் தொடங்கினேன்.

கட்டில் அகலத்துக்கு ஒரு போர்வை. அடியில் கடலைக் கொல்லை, அதற்கு மேலே கோட்டைச் சுவர், நடுவில் கோட்டைக்குள் இருக்கிற கல்யாண மகால், எல்லாவற்றுக்கும் மேலே ராஜகிரி. உச்சியில் ஒரு குரங்கு, சிவப்புக் குல்லாவோடு. வரிசைக்கு இருநூற்றுப் பத்துக் கண்ணி. நிறம் மாறுகிற இடத்தை எண்ணித்தான் பிடிக்க வேண்டும். எண்ணிக்கை ஒன்று தப்பினால் மலை சரிந்துவிடும்.

மணி என் நாத்தனார் பிரம்மியின் யோசனை. வல்லத்திலிருந்து வந்தவள், அலமாரியிலிருந்த பித்தளை மணியை எடுத்து அவர் இடது கையில் கொடுத்தாள். "அண்ணனுக்கு எது வேணும்னாலும் ஆட்டட்டும் அண்ணி. நீங்க ஓடியாந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிவிட்டாள். யோசனை சொல்கிறவர்களுக்கு எப்போதும் பஸ் இருக்கிறது.

முதல் நாள் அறுபத்திரண்டு தடவை அடித்தார். அறுபத்திரண்டு தடவையும் எழுந்து போனேன். தண்ணீர், தலையணை, ஈ, மறுபடி தண்ணீர். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. நூற்று நாற்பத்தேழு என்று எண்ணிக்கொண்டிருப்பேன், மணி அடிக்கும். திரும்பி வந்து ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அவர் வாய் பேசாவிட்டாலும் என் காதில் விழுந்தது. அவுத்துடு, மருதேவி.

அப்போதுதான் மணியின் நாக்குக்கு ஒரு குல்லா பின்னினேன். கட்டைவிரல் நுனி அளவு. பதினாறு கண்ணி, ஆரஞ்சு நிறம், நுனியில் பட்டாணி மாதிரி ஒரு குஞ்சம். இதோ, உங்கள் மேஜையில் பிளாஸ்டிக் பையில் இருக்கிறதே, அதுதான். சொல்லுங்கள், அழகாக இல்லையா? உங்கள் ரைட்டர் அய்யா கூட அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கண்ணி எண்ணுகிற நேரத்துக்கு மட்டும் போட்டேன். வெளியே சத்தமாக இருந்தால் ஜன்னலைச் சாத்துவதில்லையா? அது மாதிரி.

பிறகு சில நாள் கழற்ற மறந்தேன். பிறகு மறக்காமல் கழற்றாமல் விட்டேன்.

கடைசி மூன்று நாள் ராஜகிரி உச்சி வேலை நடந்துகொண்டிருந்தது. காலையில் பொழுது புலர்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் கஞ்சி, எல்லாம் முறையாகக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை. மணி அடிக்காதபோது நான் எதற்கு எழுந்திருக்க வேண்டும்?

நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டீர்கள். கட்டிலுக்கு எதிரே. அவர் கை ஏறுவதும் இறங்குவதும் நன்றாகத் தெரியும். மறைக்க என்ன இருக்கிறது? உண்மையில் அந்தத் தாளத்துக்கே ஊசியை ஓட்டினால் கண்ணி ஒரே சீராக விழுந்தது. ராஜகிரியின் மேல்பாதியைக் கூர்ந்து பாருங்கள். நான் பின்னியதிலேயே சுத்தமான பின்னல் அது.

மூன்றாம் நாள் மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. ஐந்து மணி இருக்கும், எனக்குத் தொண்டை வறண்டு போயிற்று. கொக்கி ஊசியை உருவி வைத்துவிட்டு மோர் குடிக்க உள்ளே போனேன். நூல் உருண்டை கட்டில் பக்கம் உருண்டிருக்க வேண்டும். திரும்பி வந்து பார்க்கிறேன்: நூல் அவர் கையில். இழுத்துக்கொண்டிருக்கிறார். குரங்கு போய்விட்டது, குல்லா போய்விட்டது, உச்சியில் ஆறு வரிசை போய்விட்டது. பேச்சு போயும், பாதி உடம்பு போயும், பழக்கம் போகவில்லை.

நான் கோபப்படவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து நூலை எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தார். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. "இருங்க, இத முடிச்சிட்டு வர்றேன்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

ஆறு வரிசையைத் திரும்பப் பின்னிக் குரங்கையும் உட்காரவைத்து நிமிர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தண்ணீர் கொண்டுவந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அவர் குடிப்பாரா? ஆயுள் முழுக்கக் காத்த நியமத்தை நான் கெடுக்க முடியுமா? நோயாளிக்கு விலக்கு உண்டு என்று பிரம்மி சொன்னாளாம். எனக்கும் தெரியும். டைபாய்டு வந்தபோதே தெரியும்.

புதுப் போர்வையை அவர்மேல் போர்த்தினேன். விடிந்ததும் முறைப்படி தண்ணீர் கொண்டுபோனேன். அப்போது தேவைப்படவில்லை.

துக்கத்துக்கு வந்த பிரம்மிக்கு எதையும் எடுத்து ஆட்டிப் பார்க்கிற புத்தி. மணியை எடுத்தாள், ஆட்டினாள்.

"இன்னா அண்ணி இது, மணி அடிக்கவே மாட்டேங்குது?"

கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மீதி நீங்கள் அறிந்ததுதான்.

ஆமாம், குல்லாவைப் போட்டது நான். கை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு பின்னியது நான். தண்ணீர் கொடுக்காதது நான். தீர யோசித்துச் செய்ததா என்றால், கண்ணி எண்ணிச் செய்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

அந்தப் போர்வையைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொள்கிறீர்களாம். எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓரத்தில் முனை முடிச்சு மட்டும் இன்னும் போடவில்லை. யாரும் இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதையே கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் அன்புக்கரசி அம்மா. "அவரு எதுக்கும்மா அந்த நூலப் புடிச்சி இழுத்தாரு?"

அவிழ்க்கத்தான். வேறு எதற்கு? என்னைக் கூப்பிட வேண்டும் என்றால், கையில்தான் மணி இருந்ததே.