வெள்ளிக்கிழமை நிறுவை

மேடையில் வீற்றிருக்கும் பிரிஞ்சாங் சிறுவணிகர் சங்கத் தலைவர் காளியண்ணன் அவர்களே! மனைவி யுவனேஸ்வரியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வசந்தன் அண்ணன் அவர்களே! திரிங்காப்பிலிருந்தும் கம்போங் ராஜாவிலிருந்தும் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து அரைநாள் வேலையை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஹரிதாஸ். கோலாலம்பூர் அறக்கட்டளை ஒன்றின் இஞ்சினியர். சிறுகடைகளின் குப்பையைக் குறைக்கவும், அந்தக் கடைகளில் வேலை செய்கிறவர்களின் நிலைமையைச் சரிசெய்யவும் இரண்டு வருடங்களுக்கு முன் இங்கே அனுப்பப்பட்டவன். எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கூடத்தான் ஆகும். தயவுசெய்து இடையில் யாரும் சீட்டு அனுப்ப வேண்டாம்.

இந்த மண்டபத்துக்குள் வந்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? நாற்காலிகளை எண்ணினேன். இருநூற்று நாற்பது. எல்லாம் நிரம்பி, செருப்பு விடுகிற இடம் வரைக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். போன வருடம் இதே மண்டபத்தில் நான் நடத்திய பயிற்சிப் பட்டறைக்கு எத்தனை பேர் வந்தீர்கள்? பதினான்கு பேர். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் இதை ஏன் சொல்கிறேன்? யுவனேஸ்வரி அக்காவைப் பற்றி நான் பேச வேண்டுமென்றால் இதிலிருந்துதான் தொடங்க முடியும். எனக்குத் துக்கம் இருக்கிறது. ஆனால் அதைவிட மூத்தது பொறாமை. துக்கத்துக்கு வயது பதினாறு நாள். பொறாமைக்கு ஒன்றரை வருடம்.

பதினாறு நாளைக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலையில், மார்க்கெட் படிக்கட்டில் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். வயது நாற்பத்தொன்று. சங்கத்தின் செயலாளர். அதற்கு முன் ஒன்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் நிறுவைக் கிராணி. பறித்த கொழுந்தைத் தராசில் மாட்டி, எடை பார்த்து, பேர் எழுதுகிற வேலை. சங்கத்துக்கு வந்த பிறகும் யாரும் அவரைச் செயலாளர் என்று கூப்பிடவில்லை. கிராணி என்றுதான் கூப்பிட்டீர்கள். பட்டம் வாங்கிய என்னை என்னவென்று கூப்பிட்டீர்கள்? "அந்த ஆப் போட்ட பையன்."

ஆம், நான் ஒரு செயலி செய்தேன். ஒவ்வொரு கடையும் தன் குப்பையின் எடையைத் தினமும் கைப்பேசியில் பதிய வேண்டும். நான்கு மாத உழைப்பு. மூன்று மொழி. வரைபடமெல்லாம் தானாக வரும். திட்டத்தில் சேர்ந்த பதினோரு கடைகளில் பதிந்தது மூன்று. அதில் ஒன்று, இதோ மேடையில் இருக்கும் தலைவரின் ரொட்டிக்கடை. தினமும் ஒரு கிலோ. தவறாமல் ஒரு கிலோ. பெருநாள் விடுமுறையில் டவுனே நிரம்பி வழிந்த அன்றைக்கும் ஒரு கிலோ!

நேரில் போய்க் கேட்டேன். "என்னண்ணே இது, ஒவ்வொரு நாளும் ஒரு கிலோ?"

"அது கேட்டுக்கிட்டே இருக்கு தம்பி. ஒண்ணுன்னு போட்டா வாய மூடிக்குது லா."

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் யுவனேஸ்வரி அக்கா என்ன செய்தார்? தோட்டத்தில் கழித்துப்போட்ட பழைய தராசு ஒன்றைக் கொண்டுவந்தார். வட்ட முகமும் கீழே கொக்கியும் வைத்த ஸ்பிரிங் தராசு. அதைக் காளியண்ணன் கடையின் பின்சந்தில் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டார். வெள்ளிக்கிழமை மூன்று மணி. "அன்னைக்கு உள்ள குப்பைய எல்லாரும் இங்க கொண்டாங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு பட்டறை இல்லை, ஒரு படம் இல்லை, செயலி இல்லை.

பதினோரு கடையும் வந்தது! ஏன் வந்தது? நான் சந்து முனையில் நின்று வயிறெரியப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லயத்தில் பிறந்த யாருக்கும் அது புரிந்திருக்கும். அவர் வேலை பார்த்த தோட்ட டிவிஷனில் கொழுந்து நிறுவைக்கு ஒரு முறை இருந்தது. மூட்டையைத் தூக்கியதும் கிராணி எடையை ஊருக்கே கேட்கச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பறித்தவர் முள்ளைத் தன் கண்ணால் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். "சரி" சொன்ன பிறகுதான் எழுத வேண்டும். சொல்லாதவரை பேனா தாளைத் தொடாது. அந்த முறையை அப்படியே பின்சந்துக்குக் கொண்டுவந்தார். உங்களில் பாதிப் பேருடைய அம்மா அந்தத் தராசு முன்னால் வரிசையில் நின்றவர்கள். மீதிப் பேர் அந்த அம்மாக்களின் பக்கத்து வீடு. எடை சொன்னால் நிமிர்ந்து பார்ப்பது உங்கள் ரத்தத்தில் இருக்கிறது. நானும் திரிங்காப்பில் பிறந்தவன்தான். லாரி ஓட்டுநர் வீட்டுப் பிள்ளை. எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

"காளியண்ணன் கடை, முப்பத்தாறு கிலோ!"

"யுவனா, மழை பேஞ்சிருக்கு லா! தோட்டத்துல ஈரக் கொழுந்துன்னா தண்ணிக்குக் கழிப்பீங்கல்ல? இதுக்கும் கழி!"

"மழை உங்க குப்பைக்கு மட்டுமாண்ணே பேஞ்சுது? முப்பத்தாறு. சரியா?"

"அநியாயம்."

"அநியாயம்னு எழுத இதுல கட்டம் இல்லண்ணே. சரியா?"

"...சரி."

ஒரு வார்த்தைக்காக மொத்தச் சந்தும் காத்திருக்கும். முப்பத்தாறு என்று ஊர் கேட்க ஒப்புக்கொண்ட மனிதர், அடுத்த வாரம் குழம்பை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பதை நிறுத்தினார். தூக்குச்சட்டி கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதல் என்று அட்டையில் எழுதி மாட்டினார். நான் எட்டு முறை சொல்லியும் கேட்காத மனிதர்!

குப்பையோடு விட்டாரா? எடை சொல்லி முடித்து, "சரி" வாங்கி, கொக்கியிலிருந்து பையை இறக்கும்போது இன்னொரு கேள்வி கேட்பார். அதுவும் சத்தமாகத்தான். பூக்கடை யோகேஸ்வரி அக்கா மறந்திருக்க மாட்டார்.

"பதினாறு கிலோ. தண்டெல்லாம் உரத்துக்குப் போயிடுச்சு, நல்லது யோகா. பூ கட்டுற அன்பரசிக்கு வாரத்துல ஒரு நாள் லீவு உண்டா?"

"அதுவும் தராசுல நிக்குதாக்கா?"

"நிக்காது. அதனாலதான் வாயால கேக்கறேன்."

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அன்பரசி வீட்டில் இருந்தார். வேலைக்கு வந்த பிறகு அவர் கண்ட முதல் ஓய்வுநாள். தொழிலாளர் நலன் பற்றி முப்பத்திரண்டு பக்கக் கையேடு எழுதியவன் நான். யாராவது படித்தீர்களா? வேண்டாம், கை தூக்க வேண்டாம்.

என் உருளைக்கு வருகிறேன். மீந்த சாப்பாட்டிலிருந்து அடுப்பு வாயு எடுக்கிற அந்த நீல உருளை. நான் வடிவமைத்தது. முப்பத்தைந்து டிகிரியில் அற்புதமாக வேலை செய்யும். பிரிஞ்சாங்கில் முப்பத்தைந்து டிகிரி எங்கே இருக்கிறது? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன், ஊர்க்குளிரை மறந்துவிட்டு, புத்தகத்தில் இருந்த சூட்டை நம்பினேன். இரண்டு மாதம். ஒரு தேநீர் கொதிக்க வாயு வரவில்லை.

அக்கா ஒருநாள் என்னை அந்தச் சந்துக்கு அழைத்துப் போனார். ரொட்டி அடுப்பின் பின்சுவரைக் காட்டினார். "பூனை எல்லாம் எங்க படுத்திருக்குன்னு பாருங்க தம்பி." ஆறு பூனைகள், சுவரோடு சுவராக. தொட்டுப் பார்த்தேன், சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. உருளையை அங்கே நகர்த்தினோம். பன்னிரண்டாம் நாள் அடுப்பு எரிந்தது.

பிறகு என்ன செய்தார் தெரியுமா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நம்ம இஞ்சினியர் தம்பி கண்டுபிடிச்சது" என்றார். என்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொடுத்தார்! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி நான் சொல்லப் போவது வசந்தன் அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

குப்பை எடை குறைந்ததைக் காட்டி, இந்தப் பதினோரு கடைகளுக்கும் "பசுமைக் கடை" பலகை கேட்டு அக்கா எங்கள் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டார். முதல் வெள்ளிக்கிழமை மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. ஒரு வருடம் கழித்து நூற்று முப்பத்தெட்டு. பலகை மாட்டிய கடையில்தான் பூவும் பலகாரமும் வாங்குவோம் என்று இரண்டு ஹோட்டல்கள் வாக்குக் கொடுத்திருந்தன. அந்த ஆர்டர் வந்தால் அன்பரசிக்குத் தினக்கூலி போய் நிரந்தர வேலை என்று யோகேஸ்வரி அக்கா சொல்லியிருந்தார். அந்தப் பலகை ஏன் இன்னும் வரவில்லை? தலைநகரத்தில் தாமதம் என்று நினைத்தீர்கள். இல்லை. தாமதம் நான்.

நான்கு மாதத்துக்கு முன் நான் ஒரு கடிதம் எழுதினேன். "இந்த எடைகள் பழைய, சரிபார்க்கப்படாத தராசில் எடுக்கப்பட்டவை. நம்புவதற்கில்லை." அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. தராசு சரிபார்க்கப்படவில்லைதான். ஆனால் அதை எழுதியது என் படிப்பு அல்ல. சந்து முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் எழுதினான்.

கடிதத்தின் நகல் அக்காவுக்குப் போனது. மறுநாள் தராசைக் கொழுந்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

"கரெக்ட்தான் தம்பி, நானும் இத சோதிச்சதே இல்ல. நீங்க பாருங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை நானே நின்னு எல்லாருகிட்டயும் சொல்லிடறேன்."

ஈப்போவிலிருந்து சோதனைக்கான எடைக்கற்கள் வர இரண்டு மாதம் ஆனது. வந்த அன்றே சோதித்தேன். இருபது கிலோவுக்கு நாற்பது கிராம் வித்தியாசம். அந்த முள்ளின் தடிமனே அதைவிட அதிகம்! அதே கற்களை என் டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்தேன். மூடுபனி ஏறினால் அதுவும் கூடவே இருநூறு கிராம் ஏறியது. சான்றிதழை எழுதினேன். கையெழுத்துப் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அதற்குப் பிறகு ஐந்து வெள்ளிக்கிழமைகள். ஒவ்வொரு வாரமும் அக்கா கேட்டார். "ஆச்சா தம்பி?" ஒவ்வொரு வாரமும் நான் சொன்னேன், "ஆகும்க்கா." அதே நாளில் இரண்டாவது முறை அவர் கேட்டதில்லை. ஆறாவது வெள்ளிக்கிழமை கேட்பதற்கு அவர் இல்லை.

எதற்காகப் பூட்டினேன்? அவரிடம் இல்லாத ஒரே ஒரு பொருள் என்னிடம் இருந்தது. அந்தக் கையெழுத்து. அதையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

நேற்று வசந்தன் அண்ணன் போன் செய்தார். "நீங்க கண்டிப்பா பேசணும். உண்மைய மொகத்துக்கு நேரா சொல்ற ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்னு யுவனா சொல்லுவா" என்றார். அண்ணே, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இன்றைக்கு ஒருநாள் இருந்து பார்க்கிறேன்.

சான்றிதழில் இன்று காலை கையெழுத்துப் போட்டேன். பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்று, ஏன் அப்படி எழுதினேன் என்றும் சேர்த்து அனுப்பிவிட்டேன். விண்ணப்பத்துக்கு இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. பலகை வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. என்னை வேலையிலிருந்து தூக்கினாலும் தூக்கலாம். தூக்கட்டும். ஒரு நகல் இதோ, தலைவர் அவர்களே, உங்கள் கையில்.

அன்பரசி, நாலாவது வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் ஏழு வாரத்தை என் இழுப்பறை தின்றது. அதற்கு நான் எங்கேயும் ஈடு வாங்கித் தர முடியாது. தெரியும்.

பொறாமை போய்விட்டதா? போகவில்லை! இவ்வளவு பேர் நிற்கிறீர்களே, இப்போதும் உள்ளே சுடுகிறது. நான் செத்தால் பதினான்கு நாற்காலி போதும். ஆனால் இரண்டு வெள்ளிக்கிழமைகளாக அந்தக் கொக்கி வெறுமனே தொங்குகிறது. போன வாரம் பார்த்தேன், பின்சந்தில் மறுபடியும் பிளாஸ்டிக் பைகள். அவர் இறந்து பதினாறு நாள்தான் ஆகிறது. அதற்குள்ளா?

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு அதே சந்தில் நான் நிற்பேன். கூடச் சேர்ந்து பைகளைத் தராசில் தூக்கி மாட்ட வருகிறேன் என்று வசந்தன் அண்ணன் சொல்லியிருக்கிறார். வேலை போனாலும் வருவேன். திரிங்காப்பிலிருந்து இருபது நிமிடம்தானே! என் குரல் கிராணி குரல் மாதிரி சந்து தாண்டிப் போகாது, பழகிக்கொள்கிறேன். அன்றைய ஓய்வுநாள் கேள்வியையும் கேட்பேன். காளியண்ணன் அண்ணே, மழைக்கு நானும் கழிக்க மாட்டேன்.

கடைசியாக ஒரு எடை. கிராணி யுவனேஸ்வரி அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டிய எடை, ஏழு வாரம் தாமதமாக. அவர் முறைப்படியே சொல்கிறேன். இந்தச் சங்கத்தின் பதிவேடு இதோ என் முன்னால் திறந்திருக்கிறது, பேனா கையில் இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் நான் எழுதப் போவதில்லை.

கிராணி யுவனேஸ்வரியின் தராசு! இருபது கிலோவுக்கு நாற்பது கிராம்!

சரியா?