முயல் கழுத்தில் சிவப்பு ரிப்பன்

...பரிசாம், பெரிய பரிசு! ஓட்டத்துல ஜெயிச்ச புள்ளைக்குப் பேனா குடுக்கலாம், டிபன் பாக்ஸ் குடுக்கலாம். யாராவது முயலக் குடுப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. உங்க பூனைகூட சிரிக்குது பாருங்க.

அட, தள்ளி உக்கார வேணாம். பெட்டி மூடித்தான் இருக்கு. வெளிய எட்டிப் பாக்கவும் இதுக்குத் தெம்பில்ல. ரெண்டு நாளா ஒரு இலையத் தொடல. மூச்சு விசிலடிக்குது... கேக்குதா? டாக்டர் எப்பதான் கூப்பிடுவாரோ.

எல்லாம் எங்க குடியிருப்புச் சங்கத்து அறிவாளிங்க வேலை. விளையாட்டுப் போட்டிக்குப் போன வருஷப் பரிசு பக்கெட்டு. வீட்டுக்கு நாலு பக்கெட்டு சேந்துபோச்சு, இந்த வருஷம் புதுமை பண்ணணுமாம்! தக்காளிப் பெட்டியில ஆறு முயல் குட்டி வந்து இறங்குச்சு. செயலாளரு... 'மைக்கு'ன்னுதான் சொல்வோம், கையில பிடிச்சா விடமாட்டாரு... "ஒரு உயிரையே பரிசாத் தர்றோம்"னு முழங்கினாரு. அது என்ன திங்கும், எங்க தூங்கும்? மூச்! பக்கெட்டுலயாவது ஒரு லேபிள் ஒட்டியிருந்துச்சுங்க.

இத ஜெயிச்சது என் தம்பி பொண்ணு. ஏழு வயசு, சாக்கு ஓட்டத்துல முதல். என் தம்பி இருக்கானே, மகா புத்திசாலி! வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி முயலுக்குக் குடித்தனம் வெச்சான். ஏண்டா இப்படி இளைக்குதுன்னா, "வெயிலுக்கு அப்படித்தான்க்கா"ங்கறான். இவரு பெரிய டாக்டரு!

இன்னிக்குக் காலைல தூக்கறேன், கழுத்துல என்னமோ தட்டுப்படுது. ரோமத்த விலக்கினா... சிவப்பு ரிப்பன். பரிசு குடுத்த அன்னிக்குக் கட்டினது. மூணு மாசத்துல முயல் வளந்துடுச்சு, ரிப்பன் வளருமா? சதையில இறங்கிடுச்சுங்க.

"ஏண்டி, இத அவுக்கத் தோணலையா?"ன்னு புள்ளைய ஒரு அதட்டு அதட்டினேன். அழுதுக்கிட்டே சொல்லுது, "நீங்கதான அத்தை அவுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க!"

ம்... சொன்னேன். போட்டோ எடுக்கற வரைக்கும்னு மனசுல நெனச்சேன். வாயில வரல. பரிசுக் கமிட்டியில நானும் ஒருத்திதாங்க. அவுந்துடக் கூடாதுன்னு நான்தான் ரெண்டு முடிச்சுப் போட்டேன்.

இதுக்கு மட்டுமா? ஆறுக்கும்.

...அய்யய்யோ, ஆறுக்கும்!

இதோ வந்துட்டேன் டாக்டர், ஒரே ஒரு போன்... ஹலோ, செயலாளர் சாரா? உடனே அந்த மைக்க எடுங்க. அஞ்சு வீட்டுக்கும் கேக்கணும். முயலோட கழுத்தத் தடவிப் பாக்கச் சொல்லுங்க. யாரு கட்டினதுன்னு கேட்டா... என் பேரையே சொல்லுங்க.