சூப்பில் குறை இல்லை

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. டீ கொஞ்சம் ஆறிப்போயிருக்கிறது, குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்வது எவ்வளவு சுலபம் என்று கேன்டீன் நடத்துகிறவனுக்குத்தான் தெரியும்.

பம்ப் தொழிற்சாலையில் என் கோழி சூப்புக்கு நல்ல பெயர். ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்பது உண்மைதான். அங்கே லேத் ஓட்டும் என் தங்கை கணவர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், கறி வாடை அடிக்குது. கொட்டிடுங்க," என்றார். கொட்டினால் கெட்டுப்போனதென்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடாதா? நன்றாகக் கொதிக்கவிட்டேன்.

மறுநாள் கழிப்பறை வாசலில் வரிசை. தட்டில் மிச்சம் வைத்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த வரிசையை என்னால் பார்க்க முடியாது. வெல்டர் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "அண்ணே, நேத்து ஊத்துனது சூப்பா, பேதி மருந்தா?" என்றான். வரிசையே சிரித்தது. எனக்கு மானமே போயிற்று.

வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே தருகிறார்கள். மருந்துக்கடைப் பெண் பொறுப்பானவள். "இவ்வளவு எதுக்கு சார்?" என்று கேட்டாள். பெரிய குடும்பம் என்றேன். பொய்யில்லை, தொழிலாளர்களை நான் அப்படித்தான் நினைக்கிறேன். "முதல்ல உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்கச் சொல்லுங்க. காய்ச்சல் இருந்தா, ரத்தம் போனா இதைத் தொடவே கூடாது, டாக்டர்கிட்ட போயிடணும். அளவு மீறினா இதயத்துக்கே ஆபத்து," என்றாள். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளிலும் அதேதான் இருந்தது. அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன்.

அன்றிலிருந்து மாத்திரையைப் பொடித்துச் சூப்பிலேயே கலந்தேன். வரிசை காணாமல் போயிற்று. வேலை தடங்கலில்லாமல் நடக்கிறதென்று மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகு ஃபிரிட்ஜை எதற்கு மாற்றுவது?

மாப்பிள்ளைதான் ஒருநாள் காலையில் வெளிறிப்போய் வந்து நின்றார்.

"ராத்திரி பூரா காய்ச்சல் மச்சான். ரத்தமா போகுது. டாக்டரைப் பார்த்துட்டு வந்துடுறேன்."

என்ன சாப்பிட்டீர்கள் என்றுதானே டாக்டர் முதலில் கேட்பார்? "டாக்டர் எங்க ஓடிப்போறாரு? முதல்ல சூடா குடிங்க," என்று உட்காரவைத்தேன். அவருக்கென்று தனியாகக் கலந்தேன், கொஞ்சம் தாராளமாகவே.

"கசக்குதே மச்சான்."

"மிளகு தூக்கல், மாப்ள."

கொஞ்ச நேரத்தில் போக்கு நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டு வேலைக்குப் போய்விட்டார். நானும் மதியம் ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கை கணவரை அப்படிக் கவனித்துக்கொள்கிறவர்கள் குறைவு. ராத்திரி வயிறு கல்லாக வீங்கி, நெஞ்சு படபடத்து விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, "ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா? தெரிஞ்சா சொல்லுங்க, அதுக்கு ஏத்த மாதிரி பார்க்கணும்," என்றார். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே, உனக்குத் தெரியுமா? சொல்லுண்ணே."

"மாத்திரைன்னாலே அவருக்கு ஆகாது டாக்டர்," என்றேன்.

விடிவதற்குள் முடிந்துவிட்டது. தங்கை என் தோளில்தான் சாய்ந்து அழுதாள்.

கலந்தது நான்தான். தெரிந்தேதான் கலந்தேன், தெரிந்தேதான் மறைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா: அந்தச் சூப்பைக் குடித்த பிறகு அவர் ஒரு தடவைகூடக் கழிப்பறைப் பக்கம் போகவில்லை. கறி கெட்டிருந்தால் போயிருக்கமாட்டாரா?