இடது ஓரத்து ஒட்டு

ராத்திரி மணி பன்னெண்டு அம்பது... பைபாஸ் ரோட்டுல ஒரே ஒரு பைக்கு. முன்னாடி வண்டி இல்ல, பின்னாடி வண்டி இல்ல. ரோட்டு விளக்கு பாதிக்கு மேல எரியல. ஓட்டிட்டு வந்தது எங்க மச்சானோட சிநேகிதன், லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு பெரிய கட்டடத்துல லிஃப்ட் நடு மாடியில நின்னுபோச்சுன்னு கூப்பிட்டிருக்காங்க. சரி பண்ணிட்டு வீட்டுக்குத் திரும்பறான்.

யாரது அங்க கிசுகிசுன்னு... கேக்கறதுன்னா கேளுங்க. கரண்ட் வந்துட்டா நான் நிறுத்திடுவேன். வெளிச்சத்துல இதைச் சொல்ல எனக்கே வராது.

திடீர்னு வண்டி பின்பக்கம் அமுங்குது. க்ரீச்... பின்னாடி யாராவது ஏறி உக்காந்தா ஸ்பிரிங் ஒரு சத்தம் போடுமே, அந்தச் சத்தம். பஞ்சர்னு நினைச்சு ஓரம் கட்டினான். குனிஞ்சு டயரை அமுக்கிப் பாத்தான். கல்லு மாதிரி இருக்கு. நிமிந்தா... ஒரு வாசனை. ஈரமான கண்ணாடித் தூள் வாசனை. மூக்குக் கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிற சக்கரம் இருக்கும், தண்ணி சொட்டிக்கிட்டே சுத்தும், பாத்திருக்கீங்களா? அதுகிட்ட நின்னா வருமே ஒரு வாசனை, அது.

அந்த வாசனை யாரோடதுன்னு இவனுக்கு நல்லாவே தெரியும். ஆனா அந்த ஆளு செத்து பத்து மாசம் ஆச்சு.

அவரைக் கண்ணாடிக்காரர்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. கடையில லென்ஸ் தேய்ச்சுக் குடுக்கிறவர். இவன் அவரை அண்ணேன்னு கூப்பிடுவான், அவரோட மக இவனைச் சித்தப்பான்னு கூப்பிடும். கூடப் பொறந்தவங்க இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், அவ்வளவுதான். செவ்வாய் கிரகத்துல ஆளில்லாத வண்டி ஊர்ந்துக்கிட்டு இருக்குல்ல? அது எடுத்து அனுப்பற படத்தையெல்லாம் அப்படியே இன்டர்நெட்ல போட்டுடறாங்க. யாரு வேணா எடுத்துக்கலாம். ஆனா துண்டு துண்டா, கறுப்பு வெள்ளையில வரும். அதை ஒட்டிச் சேத்து, நிறம் வரவழைச்சு, ஒரு மலை முழுசாத் தெரியற மாதிரி ஆக்கறதுக்குன்னே உலகம் பூரா ஆளுங்க உக்காந்திருக்காங்க. காலணா வராது. எங்க மச்சான்கூட கேப்பாரு, "அங்க என்னடா, மனை கினை வாங்கப் போறியா?"ன்னு.

நிறம் எப்படி வருதுன்னு சொல்லிடறேன், இல்லேன்னா கதை புரியாது. அந்தக் கேமரா ஒரே இடத்தை மூணு தடவை எடுக்கும். சிவப்புக் கண்ணாடி போட்டு ஒண்ணு, பச்சை போட்டு ஒண்ணு, நீலம் போட்டு ஒண்ணு. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல அரை நிமிஷம் ஓடிடும். மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா நிறம் வந்துடும். கல்லும் மண்ணும் நகராது, அதனால சரியா உக்காரும். ஏதாவது நகர்ந்துச்சுன்னா... ஒரு புழுதிச் சுழல்னு வைங்க... அது மட்டும் சேராது. சிவப்பா ஒண்ணு, பச்சையா ஒண்ணு, நீலமா ஒண்ணுன்னு மூணு இடத்துல தனித்தனியா நிக்கும்.

கண்ணாடிக்காரர் ரெண்டு வருஷம் உக்காந்து ஒரு படம் செஞ்சாரு. முந்நூத்தி நாப்பது துண்டு. ஒரு மலையடிவாரம் மொத்தமும். யாருக்கும் காட்டல, கூச்ச சுபாவம். முடிச்சதும் ஒரு பென்டிரைவ்ல போட்டு, பழைய கண்ணாடிக் கூட்டுக்குள்ள வச்சு இவன்கிட்ட குடுத்தாரு. "இடது ஓரத்துல ஒரு ஒட்டு எனக்கே பிடிக்கல. உன் கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு பாரு. சரின்னா போட்டுடலாம்"னாரு.

ஒன்பதாம் நாள், கடையில சக்கரத்துக்கு முன்னாடி உக்காந்த வாக்குலயே போயிட்டாரு. நெஞ்சு வலி.

மக கேட்டுச்சு, "சித்தப்பா, அப்பா பெருசா ஒண்ணு முடிச்சிட்டேன்னு சொன்னாரே... உங்ககிட்ட இருக்கா?"

இவன் சொன்னான், "அது பாதியிலயே நின்னுபோச்சும்மா."

ஏன் அப்படிச் சொன்னான்னு கேக்கறீங்களா? அவனையே கேட்டா அவனுக்கே தெரியல. வாய் முந்திக்கிச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அந்த இடது ஓரத்து ஒட்டை மட்டும் சரி பண்ணினான். பத்து நிமிஷ வேலை. கீழ வலது மூலையில தன் பேரைப் போட்டு வெளியிட்டுட்டான். அவ்வளவுதான், தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடினாங்க. எங்கெங்கேயோ இருந்து பாராட்டு. இவனுக்கு ஒவ்வொரு பாராட்டும் சாப்பாட்டுல கல்லு கடிச்ச மாதிரி. ஆனா ஒருத்தர்கிட்டயாவது "என்னோடது இல்லைங்க"ன்னு சொன்னானா? சொல்லல. அறிவியல் மையத்துல இருபதடிக்கு அச்சடிச்சு மாட்டறோம்னாங்க. அதுக்கும் தலையாட்டினான்.

திரை திறக்கறது, நான் சொன்ன அந்த பைபாஸ் ராத்திரி விடிஞ்ச காலையில. அதுக்கு முந்தின சாயங்காலம் அந்தப் பொண்ணு போன் பண்ணுது. "நாளைக்கு நானும் வரேன் சித்தப்பா. அப்பா இருந்திருந்தா முதல் வரிசையில உக்காந்து கை தட்டியிருப்பாரு." இவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல ஆயிடுச்சு. சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. "வாம்மா"ன்னுட்டு வச்சுட்டான்.

இப்ப ரோட்டுக்கு வாங்க. அந்த வாசனையோட மீதி தூரமும் ஓட்டினான். திரும்பிப் பாக்கல. வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தினதும் மறுபடி... க்ரீச். பின்பக்கம் மேல எழும்பிச்சு. யாரோ இறங்கிக்கிட்டாங்க.

வீட்டுக்குள்ள பொண்டாட்டி நல்ல தூக்கம். இவனுக்குத் தூக்கமாவது ஒண்ணாவது. கம்ப்யூட்டரைப் போட்டான். அன்னிக்கு வந்த படம் மூணு, புதுசா. மனசைத் திருப்பணும்னு அதை எடுத்து வச்சு நிறம் சேத்தான். வெறும் மணல் மேடு... தூரத்துல ஒரு புள்ளி. சிவப்பு, பச்சை, நீலம். சரி, புழுதிச் சுழல்னு நினைச்சான்.

பெருசாக்கிப் பாத்தான்.

சுழல் மேல அகலமா, கீழ ஒல்லியா இருக்கும். இது அப்படி இல்ல... கீழ ரெண்டா பிரிஞ்சிருக்கு. சிவப்பு ரொம்பத் தூரத்துல, சின்னதா. பச்சை அதைவிட கொஞ்சம் பெருசு. நீலம் இன்னும் பெருசு. அரை நிமிஷத்துக்கு அரை நிமிஷம்... கிட்ட வந்துக்கிட்டே இருக்கு.

இதே வேலை பண்ற ஒருத்தனுக்கு வெளிநாட்டுல பகல், அவனுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டான். "ஒண்ணுமே இல்லையே, வெறும் மேடுதான்"னு பதில் வந்துச்சு. இவன் திரும்ப இறக்கிப் பாத்தான். இருக்கு.

இவன் அதோட கம்ப்யூட்டரை அணைச்சிட்டுப் படுத்திருக்கலாம். ஆனா காலையில பெரிய கம்ப்யூட்டர் திரையில நகர்த்திக் காட்டணும், மூல ஃபைலைக் கொண்டுவாங்கன்னு மையத்துல சொல்லியிருந்தாங்க. பேரு போட்ட நாள்லேர்ந்து அந்த ஃபைலை இவன் திறக்கவே இல்ல. மனசு வரல. இப்ப திறந்தான். வலது பக்கத்துலேர்ந்து மெல்ல நகர்த்திக்கிட்டே வந்தான்... பாறை... மணல்... பாறை... இடது ஓரம். இவன் சரி பண்ணின அந்த ஒட்டு.

அங்க அவர் நிக்கறாரு.

மூணு நிறமும் சேந்து. ஒரு நூல் விலகல. அதுக்கு என்ன அர்த்தம் தெரியுதா? மூணு தடவை எடுத்து முடிக்கிற வரைக்கும்... அசையாம நின்னிருக்காரு. கடைக்குப் போட்டுக்கிட்டு வர்ற சாம்பல் நிறச் சட்டை. வேலை செய்யறப்ப ஏத்தி விட்டுக்குவாரே, அதே மாதிரி மூக்குக் கண்ணாடி நெத்தியில. கோவமா இருந்தாக்கூட தேவலைன்னு இருந்துச்சாம் இவனுக்கு. கோவம் இல்ல. தலையை லேசாச் சாய்ச்சு, கீழ வலது மூலையைப் பாத்துக்கிட்டு நிக்கறாரு. அந்த மூலையில இவன் பேரு.

வெக்கம்னா அப்படி ஒரு வெக்கம். பயத்தைவிட அதுதான் பெருசா இருந்துச்சுன்னு மச்சான்கிட்ட சொல்லியிருக்கான். காது மடல் ரெண்டும் கொதிக்குது. யாருமில்லாத ரூம்ல, நாற்காலியில கூனிக் குறுகி உக்காந்திருக்கான்.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? பேரை மாத்துவீங்க. அவருக்கு வேண்டியது அது ஒண்ணுதானே. ரெண்டு நிமிஷம் ஆகுமா?

இவன் அவரை அழிச்சான்.

ஆமா... காலையில திரையில அந்தப் பொண்ணு பாத்துட்டா? அந்த ஒரே நினைப்பு. பக்கத்துல இருக்கிற மண்ணை எடுத்து அவர் மேல ஒத்தி ஒத்தி மூடினான். காலுலேர்ந்து ஆரம்பிச்சான். முழங்கால், இடுப்பு, சட்டைப் பை... மவுஸ் சத்தம் மட்டும் டிக், டிக், டிக்னு. முகத்துக்கு வந்ததும் கை நின்னுடுச்சு. "மன்னிச்சுடுங்கண்ணே"ன்னு சொன்னான். சொல்லிட்டு முகத்தையும் மூடினான். ஆரம்பிச்சப்ப மணி ரெண்டு பத்து. முடிச்சு நிமிந்தப்ப ரெண்டு அம்பத்தொண்ணு. செல்போன் கீபோர்டு பக்கத்துலயே கிடந்துச்சு. அவ்வளவு நேரமும் அது ஒரு தடவைகூட மினுங்கல.

விடிஞ்சுது. இஸ்திரி போட்ட சட்டையோட போனான். கூட்டம், நாற்காலி, மைக்கு எல்லாம் தயாரா இருக்கு. திரையை விலக்கினாங்க. இருபதடி மலை. இவன் கண்ணு நேரா இடது ஓரத்துக்குத்தான் போச்சு... வெறும் மண்ணு. பக்கத்துல இருந்த கம்ப்யூட்டர் திரையில நகர்த்திக் காட்டினாங்க. அதுலயும் வெறும் மண்ணு. அப்பாடான்னு மூச்சு விட்டான். விட்ட மறு நிமிஷம், இதுக்கா மூச்சு விட்டோம்னு தன்னையே காறித் துப்பணும்போல இருந்துச்சு.

அப்ப யாரோ கையைத் தொட்டாங்க. அந்தப் பொண்ணு. கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு. "சித்தப்பா, கொஞ்சம் தனியா வாங்க."

தூண் பக்கம் கூட்டிட்டுப் போச்சு. போய், மெதுவாச் சொல்லுது. "ராத்திரி நீங்க போன் பண்ணினதுக்கு அப்புறம் நான் தூங்கவே இல்ல. முதல்ல கோவம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கண்ணாடிக் கூட்டுல பென்டிரைவ் குடுத்ததுலேர்ந்து ஒண்ணு விடாம, அழுது அழுது நீங்களே சொன்னீங்களே... அதுக்கு எவ்வளவு மனசு வேணும். போதும் சித்தப்பா. இப்ப மைக்குல அப்பா பேரை மட்டும் சொல்லிடுங்க, சொல்றேன்னீங்களே."

இவன் முகத்துல ஈயாடல. அந்தப் பொண்ணு செல்லைத் திருப்பிக் காட்டுது. சித்தப்பான்னு போட்டிருக்கு, இவன் நம்பர்தான். ராத்திரி ரெண்டு பத்து. நாப்பத்தொரு நிமிஷம்.

இங்க இவன் அவரை மண்ணு போட்டு மூடிக்கிட்டிருந்த அதே நாப்பத்தொரு நிமிஷம்.

அது நான் இல்லம்மான்னு சொல்லணும். சொன்னா, அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்கன்னு கேக்கும். அது எப்படி முகம் பாத்துக்கிட்டு நிக்குது தெரியுமா... அப்பன் செத்ததுலேர்ந்து முதல் தடவையா யார் மேலயோ நம்பிக்கை வந்த மாதிரி நிக்குது. இவன் தலையைக் குனிஞ்சான்.

"ஆமாம்மா... மனசு கேக்கல. அதான் பண்ணிட்டேன்."

கேட்டீங்களா? படத்தைத் திருடினான், சரி. மன்னிப்புக் கேட்டதையும் திருடிட்டான். அந்தப் பொண்ணு இவன் கையை எடுத்து ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிச்சு.

அந்த நேரம் பாத்து... அது கையில இருந்த செல்லு அடிக்குது.

ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தாங்க. சித்தப்பான்னு வருது. இவன் தன்னோட செல்லைப் பையிலேர்ந்து வெளிய எடுத்தான். இருட்டா இருக்கு, ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு இவனைப் பாத்துச்சு. செல்லைப் பாத்துச்சு. மறுபடி இவனைப் பாத்துச்சு. பிடிச்சிருந்த கையை மெல்ல விட்டுச்சு.

எடுத்துக் காதுல வச்சுச்சு. கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நேரம். மேடையில இவன் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க, கை தட்டறாங்க. அந்தச் சத்தத்துக்கு நடுவுல அந்தப் பொண்ணு செல்லை இவன் பக்கம் நீட்டிச்சு.

"உங்ககிட்டதான் பேசணுமாம்."