மீசை வைத்த மகாராணி

எங்கள் தீவின் ஈரக்காற்றில் எதுவும் தானாகவே ஒட்டிக்கொள்ளும், இன்ஸ்பெக்டர் ஐயா. என் அஞ்சலகக் கையிருப்பில் இருந்த ஒரு பென்னி அஞ்சல்தலைகள் அத்தனையும் அலமாரிக்குள் ஒட்டிப்போய்ச் செங்கல்லாகிவிட்டன. அந்தச் செங்கல் இதோ, உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது. சேகரிப்பாளர்களிடம் விற்பதற்காக நானே தட்டுப்பாட்டைக் கிளப்பினேன் என்று லண்டன் வியாபாரி எழுதியிருப்பது அபாண்டம்.

புதுத் தலைகள் கப்பலில் வர மூன்று மாதம் ஆகும். அதுவரை சமாளிக்க, ஆறு பென்னி மதிப்புள்ள தலைகளின்மேல் 'ஒரு பென்னி' என்று கறுப்பு மையில், கையாலேயே ஒவ்வொன்றாக அச்சுக் குத்தினேன். அச்சு மகாராணியின் மூக்குக்குக் கீழே விழுந்தது.

"மகாராணிக்கு மீசை முளைச்சிருச்சே மாஸ்டரய்யா. அரண்மனையில சவரம் பண்ண ஆள் இல்லையாக்கும்?" என்றான் மீன்காரன் ஹிலேர். தீவே சிரித்தது. பாதிரியார் மட்டும் ராஜ நிந்தனை என்று ஆளுநருக்குப் புகார் எழுதினார். அந்தப் புகாருக்கும் மீசைத் தலையைத்தான் ஒட்ட வேண்டியிருந்தது.

வேறு ஏதாவது முறைகேடு உண்டா என்று கேட்டீர்கள். ஒன்று உண்டு.

மார்ச் ஒன்பதாம் தேதி, வடகரைச் சலவைக்காரி டெல்பின் ஒரு கடிதத்தோடு வந்தாள். பக்கத்துத் தீவு வெள்ளைக்கார டாக்டருக்கு, யாரையோ பிடித்து எழுதி வாங்கியது.

"பாப்பாவுக்குத் தொண்டை அடைக்குது மாஸ்டரய்யா. எங்க பக்கம் இன்னும் நாலு பிள்ளைங்களுக்கும் இதேதான். இன்னிக்குப் படகுல போயிருமில்ல?"

"போகாம இங்க உக்காந்து என்ன பண்ணப்போகுது? குடும்மா."

தலையை ஒட்டி முத்திரை குத்தினேன். சுத்தமாக விழுந்தது. அப்புறம்தான் கவனித்தேன், அந்த ஒரு தலையில் மட்டும் அச்சு தலைகீழாக இருந்தது. நான் அச்சுக் குத்திய நானூற்று எண்பதில் ஒன்று. உலகத்திலேயே ஒன்று.

தலையை மட்டும் பிரித்தெடுத்திருக்கலாமே என்பீர்கள். முத்திரையில் பாதி உறையோடு போய்விடும். உள்ளிருக்கும் தாளை வேறு உறையில் போட்டு அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். பிறர் கடிதத்தைப் பிரிப்பது குற்றம், ஐயா. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதைச் செய்ததில்லை.

படகு போயிற்று.

அடுத்த படகு வந்தபோது டெல்பினும் வந்தாள்.

"பதில் வந்துச்சா மாஸ்டரய்யா?"

"இன்னும் இல்லம்மா."

அது பொய்யில்லை. மூன்றாவது முறை கறுப்புத் துணியில் வந்தாள். பதிலைப் பற்றிக் கேட்கவில்லை. "நம்ம பிள்ளைங்கன்னா அந்த டாக்டருக்கு இளக்காரம்" என்று மட்டும் சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. டாக்டரின் பெயரைக் காப்பாற்றுவது அஞ்சலகத்தின் வேலையல்ல. பாதிரியாரும் புகார் எழுதுவதை நிறுத்தியிருந்தார். அடக்கம் செய்யவே அவருக்குப் பொழுது சரியாக இருந்தது. மொத்தம் பதினொரு பிள்ளைகள்.

ஏப்ரலில் யாரோ மாலுமி சொல்லிக் கேள்விப்பட்டு டாக்டர் தானாகவே வந்தார். மிச்சமிருந்த மூன்று பேரையும் பிழைக்க வைத்தார். "முன்னாடியே ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமே" என்று டெல்பினிடம் அவர் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். உங்கள் நாட்டு மனிதர்களுக்குத் தபாலின் அருமை தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

லண்டன் வியாபாரி கேட்டும் அந்தத் தலைகீழ் அச்சுத் தலையை நான் விற்கவில்லை. இதில் எனக்கு ஆதாயம் எதுவுமில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் இதுதான். பிரிக்கப்படவில்லை. முத்திரையில் மார்ச் ஒன்பது என்பது தெளிவாகத் தெரிகிறது; வழக்குக்கு உதவும். இன்றைக்கும் பட்டுவாடா செய்யத் தகுந்த நிலையில்தான் இருக்கிறது.

கைக்குட்டை தருகிறேன், ஐயா. ஈரக் கையோடு மட்டும் தொடாதீர்கள்.